எல்லைக்கல்

நாவலும் கவிதையும் பேசப்படும் இடத்தில் மீன்தொட்டியைப் பற்றி எழுத எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நாங்கள் மிக அதிக நேரம் உற்றுப் பார்த்தது எந்தப் புத்தகத்தையும் அல்ல. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வடக்குச் சுவரை ஒட்டி நிற்கும் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியைத்தான். படிப்பதற்கென்று எடுத்த எத்தனையோ புத்தகங்கள் அதன் மேல்மூடியில் கவிழ்ந்து கிடந்து ஈரம்பட்டு ஓரம் சுருண்டுபோயின.

எங்களில் ஒருவருக்கு விழுப்புரம், மற்றவருக்குத் திண்டிவனம். இரண்டு ஊர்களுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. பேருந்தில் சாளர ஓர இருக்கை கிடைத்துக் கண்ணயர்வதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் எங்கள் திருமணத்தின்போது இரு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தை நினைத்தால், நடுவில் ஒரு கடலாவது இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். திண்டிவனத்துக்குத் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். விழுப்புரத்து அம்மா அதைக் கேட்டதிலிருந்து, மருமகள் வைக்கும் குழம்பில் புளி ஒரு சுளை கூடினாலும் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

2022இல் திண்டிவனத்து அம்மா காலமானார். அதன்பின் அந்த வீட்டில் அப்பா மட்டும் தனியாக இருந்தார். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கராபரணியின் குறுக்கே 1950களின் இறுதியில் எழுந்த வீடூர் அணையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். மதகைத் திறப்பதும் அடைப்பதும், நீர்மட்டம் குறிப்பதும், இரவில் கரைமேல் டார்ச் விளக்கோடு நடப்பதுமாக வாழ்ந்தவர், ஆளற்ற வீட்டில் தனக்கென ஒருவேளைச் சோறு வடித்து மறுவேளைக்கும் அதையே வைத்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம் வற்புறுத்தி அவரை விழுப்புரத்துக்கு அழைத்து வந்தோம். அழைத்து வந்த அன்றே எங்கள் கணக்கில் ஒரு பிழை தெரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்தவர், கூடத்தில் இருந்த சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அந்த நாற்காலியில் விழுப்புரத்து அப்பா காலமானபின் யாரும் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. விழுப்புரத்து அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் காப்பி கலந்து கொடுத்தார். மறுநாள் காலையிலிருந்து, காய்ந்தும் காயாத துணிகளின் மடிப்பு ஒன்று எப்போதும் அந்த நாற்காலியின்மேல் இருந்தது. இருவரும் சண்டையிட்டுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. "சம்பந்தியம்மா" என்றும் "அண்ணே" என்றும் மிகுந்த மரியாதையோடுதான் பேசிக்கொண்டார்கள். மின்விசிறியின் வேகம் மட்டும் ஆள் மாறும்போதெல்லாம் மாறும். கிழக்கு ஜன்னல் ஒருவர் வந்தால் திறக்கும், மற்றவர் வந்தால் மூடும். ஏழு மணிச் செய்திக்கும் ஏழு மணித் தொடருக்கும் நடுவே தொலைக்காட்சிப் பெட்டி, எந்தப் பக்கமும் சாயாமல், பெரும்பாலும் அணைந்தே கிடந்தது.

இதற்கும் மீனுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. தொட்டி மகளின் பிறந்தநாளுக்காக 2023இல் வாங்கியது. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் சுமார் இருநூற்றைம்பது லிட்டர் பிடிக்கும். கடைக்காரர் எட்டுத் தங்கமீன்களையும் கொடுத்தார். அவை பதினொரு நாட்களில் ஒவ்வொன்றாகச் செத்தன. மகள் அழுதாள். நாங்கள் தண்ணீரை முழுதும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினோம். நாற்காலி இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த திண்டிவனத்து அப்பா, "புதுத் தண்ணியில மீன் நிக்காது. தண்ணி பழுக்கணும்" என்றார்.

பழுக்க வேண்டும் என்பதைவிடச் சரியான சொல்லை நாங்கள் பிறகு படித்த எதிலும் காணவில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். அதற்குள் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே நஞ்சேறிச் சாகும். நாங்கள் தண்ணீரை முழுதும் மாற்றியபோது, பாதி பழுத்திருந்ததையும் கொட்டிவிட்டோம். அப்பாவுக்கு அம்மோனியாவின் பெயர் தெரியாது. ஆனால் தினமும் காலையில் தொட்டியின் முன் குனிந்து மோந்து பார்ப்பார். நாற்பதாம் நாள், "ஆச்சு" என்று சொல்லிவிட்டு மறுநாள் விடியற்காலை பேருந்தேறி மரக்காணம் போனார்.

மரக்காணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்று பலர் கொள்கிறார்கள். அவனது கிடங்கில், திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட இன்றைய கிடங்கல். பாணர்களுக்கு எயிற்பட்டினத்துப் பரதவர் மீன் சுட்டுக் கொடுத்து உபசரிப்பதாகப் பாட்டில் வருகிறது. எங்கள் வீட்டுக்கு அதே ஊரிலிருந்து மீன் உயிரோடு வந்தது. மரக்காணத்தின் உப்பளங்களுக்கு மேற்கே கழுவெளி விரிந்து கிடக்கிறது. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் பெரிய சதுப்பேரி. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்பா சரணாலயத்துக்குள் போகவில்லை. முகத்துவாரப் பக்கம் வலை போடுகிற பழைய நண்பர் ஒருவரிடம் சொல்லி வைத்து, மூடி துளையிட்ட பிளாஸ்டிக் குடத்தில் ஆறு மீன்களைக் கொண்டு வந்தார். குடம் வழியெல்லாம் அவர் மடியிலேயே இருந்திருக்கிறது. வேட்டி நனைந்து காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

கட்டைவிரல் நீளம். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த உடல், விலாவில் கரும்பொட்டு, வரிசை வரிசையாகச் சிவந்த புள்ளிகள். பெயர் கேட்டோம். "எல்லாம் பொடி மீனுதான், குழம்புக்குக்கூட ஆவாது" என்றார் அப்பா. அலங்கார மீன் வியாபாரத்தில் இதை ஆரஞ்சு குரோமைடு என்பார்கள். மார்க்கஸ் எலியெசர் பிளாக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1795இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். ஐந்தாண்டுகளுக்கு முன் இதன் பெரிய உறவினனுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். அந்தப் பெரியவன்தான் கேரளம் 2010இல் மாநில மீனாக அறிவித்த கரிமீன். சிக்லிட் என்ற பெருங்குடும்பத்தில் இந்தியாவுக்கு உரியவை மூன்றே இனங்கள். அவற்றுள் இரண்டு இவை. இந்த மூன்றுக்கும் வெளியே மிக நெருங்கிய சொந்தம் இந்தியாவில் வேறெங்கும் இல்லை, மடகாஸ்கரில் இருக்கிறது. கழுவெளிச் சேற்றில் திரியும் பொடி மீனுக்குக் கடல் கடந்த பங்காளிகள்.

சிக்லிட் என்றாலே நம்மூரில் முதலில் நினைவுக்கு வருவது ஜிலேபிதான். 1952இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியா. இன்று ஏரி, குளம், கழனிக் கால்வாய் எங்கும் அதுதான். குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பதும், ஆண் மீன் தரையில் குழி பறித்துத் தன் வட்டத்தைக் காப்பதுமாகப் போன இடமெல்லாம் வேரூன்றிவிட்டது. வீடூர் அணையில் தன் காலத்திலேயே கெண்டையும் கெளுத்தியும் குறைந்து ஜிலேபி நிறைந்ததை அப்பா ஒருநாள் கூடத்தில் விவரித்துக்கொண்டிருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த விழுப்புரத்து அம்மா தலை நிமிராமல், "வந்ததுதான இருந்ததத் தொரத்தும்" என்றார்.

மீனைத்தான் சொன்னார் என்று எங்களில் ஒருவர் இன்னும் வாதிடுகிறார். மற்றவர் அப்படி நினைக்கவில்லை. அப்பா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனார். மறுநாள் திண்டிவனத்தில் வீட்டுவரி கட்ட வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார்.

அதற்கு முன்பே தொட்டியில் ஒரு கதை நடந்து முடிந்திருந்தது. ஆறு மீன்களும் முதல் இரண்டு மாதம் கும்பலாகச் சுற்றின. பிறகு இரண்டு மட்டும் ஒதுங்கி, இடப்பக்க மூலையில் கவிழ்த்திருந்த உடைந்த பூந்தொட்டியை எடுத்துக்கொண்டன. அவற்றின் அடிவயிறு கறுத்தது. மற்ற நான்கும் வலப்பக்க மேல்மூலையில், காற்றுக்குழாயின் குமிழிகளுக்குப் பின்னால் ஒண்டின. ஓரடி தள்ளி வந்தாலும் துரத்து. ஒன்று செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று, வால் கிழிந்து. பொறுக்க முடியாமல் மிஞ்சிய இரண்டையும் பிடித்து வாளிக்கு மாற்றினோம். இனி அந்த இணைக்குத் தொட்டி முழுதும் சொந்தம், நிம்மதியாக முட்டையிடட்டும் என்று நினைத்தோம்.

மூன்றாம் நாள் ஆண் மீன் பெண்ணை அடிக்கத் தொடங்கியது.

எங்களுக்கு இது விளங்கவேயில்லை. பகைவரை எல்லாம் அப்புறப்படுத்திக் கொடுத்த பிறகு வீட்டுக்குள் ஏன் போர்? விடை, எங்கள் அலமாரியில் ஆண்டுக்கணக்காகப் படிக்காமல் கிடந்த ஒரு பழைய புத்தகத்தில் இருந்தது. கொன்ராட் லொரன்ஸ் 1963இல் ஜெர்மனில் எழுதிய, வன்மத்தைப் பற்றிய நூலின் ஆங்கிலப் பதிப்பு. பின்னாளில், 1973இல், நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். சிக்லிட் இணைகள் தங்கள் சினத்தைச் செலுத்த ஓர் அண்டை வீட்டான் வேண்டும் என்கிறார். ஒரே தொட்டியை நடுவில் கண்ணாடியால் தடுத்து இருபுறமும் ஓரிணையை வைத்தால், ஆண்கள் கண்ணாடி வழியே ஒன்றையொன்று உறுமிக்கொண்டு தத்தம் துணையிடம் பண்பாக நடந்துகொள்கின்றன. நாளடைவில் கண்ணாடியில் பாசி படர்ந்து அண்டை வீட்டான் மறைந்தால், அடி துணையின்மேல் விழுகிறது. பாசியைத் துடைத்துவிட்டால் அமைதி திரும்புகிறது. இதை இன்னும் முறையாக ஆராய்ந்தவர் ஆன் ராஸா. தனித்து விடப்பட்ட இணைகள் குஞ்சு பொரித்து வளர்ப்பதில் எப்படித் தோற்கின்றன என்பது 1969இல் வெளியான அவரது ஆய்வு. அவர் எடுத்துக்கொண்ட மீன் எது என்று பார்த்தபோது எங்களுக்குச் சிலிர்த்தது. இதே பொடி மீன்தான். குழம்புக்கும் ஆகாதது.

லொரன்ஸின் மனிதர் பற்றிய முடிவுகளை நாங்கள் அப்படியே ஏற்கவில்லை. மீனிலிருந்து மனிதனுக்கு அவர் தாவுகிற தூரம் அதிகம் என்று அவர் காலத்திலேயே பலர் கண்டித்திருக்கிறார்கள். அவருடைய நாஜிக் கட்சித் தொடர்பையும் மறக்க முடியாது. ஆனால் பாசி படர்ந்த அந்தக் கண்ணாடியை மட்டும் எங்களால் ஒதுக்க முடியவில்லை. அன்று மாலையே வாளியிலிருந்த இரண்டையும் திரும்பத் தொட்டியில் விட்டோம். அவற்றைச் சாகக் கொடுக்காமல் அண்டை வீட்டாராக வைத்திருப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு யோசனை சொல்ல வேண்டியவர் திண்டிவனத்தில் வீட்டுவரி கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கட்டினார். தினமும் இரவு தொலைபேசியில் அழைப்பார். மீன் எப்படி இருக்கிறது என்பார். வேறெதையும் கேட்கமாட்டார், சொல்லவும் மாட்டார். மூன்றாவது ஞாயிறு நாங்கள் போய்ப் பார்த்தபோது கதவைத் திறந்தவரின் சட்டையில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அடுப்படியில் ஒரே ஒரு தட்டு. நாங்கள் அழைத்ததற்கு வரவில்லை. பெரிய மீனும் போட்டால் சின்னதுகளின் சண்டை தணியுமா என்று எங்களில் ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டதற்குத்தான் எழுந்து சட்டை மாற்றினார்.

அப்படி வந்து சேர்ந்தவை மூன்று கரிமீன் குஞ்சுகள். உள்ளங்கை அகலம், பசுஞ்சாம்பல் நிறம், குறுக்கே கரும்பட்டைகள், செதிலுக்குச் செதில் முத்துப் பதித்தாற்போல் ஒரு மினுக்கம். எல்லை காக்கும் ஓர் இனம் குடியிருக்கும் தொட்டியில், எல்லை காக்கும் இன்னோர் இனத்தை விடுவது எளிதல்ல. அப்பா செய்ததை எழுதி வைக்கிறோம், யாருக்காவது பயன்படும். முதலில் விளக்கை அணைத்தார். தொட்டியிலிருந்த கல், பூந்தொட்டி, வேர்க்கட்டை எல்லாவற்றையும் வெளியே எடுத்து இடம் மாற்றி வைத்தார். இருந்தவனுக்கும் இது புது வீடாகிவிட வேண்டும், அப்போதுதான் வருகிறவனை வந்தவன் என்று அடிக்கத் தோன்றாது. தொட்டியின் நடுவில் ஒரு பெரிய கருங்கல்லை நிறுத்தினார், ஒரு கோடியிலிருந்து பார்த்தால் மறுகோடி தெரியாதபடி. ஒதுங்குவதற்கு மூன்று இடம் வேண்டுமென்றால் ஐந்து வைத்தார். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கடினநீர். இந்த மீன்களுக்கு அது உகந்ததே. அதோடு மரக்காணத்துக் கல்லுப்பில் கொஞ்சம் கரைத்து விட்டார். நன்னீரிலும் வாழும், உவர்நீரிலும் வாழும் என்றாலும் பிறந்த ஊர் வாசனை இருக்கட்டும் என்றார்.

முதல் வாரம் எங்களுக்கு உறக்கமில்லை. சின்ன இணை கரிமீனின் அளவைச் சிறிதும் மதிக்கவில்லை. தன்னைப்போல் மூன்று மடங்கு இருக்கிற உருவத்தின் முகத்துக்கு நேரே போய்ச் செவுள் விரித்து நின்றது. கரிமீன்கள் பின்வாங்கின. ஆனால் கருங்கல்லுக்கு அப்பால் துரத்திப் போன ஆண் மீன், அங்கே மூன்றும் சேர்ந்து திரும்பியதும், வந்த வேகத்தில் மீண்டது. இப்படி நாளுக்கு முப்பது நாற்பது முறை. பத்து நாள் கழித்து யாரும் யாரையும் கடிக்காமலே கல்வரை போவதும் திரும்புவதுமாக அது ஒரு வழக்கமாகிவிட்டது. பழைய இரண்டு சிறுமீன்களும் கரிமீன்களின் நிழலில் தைரியமாக மேய்ந்தன. இடப்பக்கத்து ஆண், தன் துணையை அடிப்பதை நிறுத்தியிருந்தது. பூந்தொட்டியின் உட்சுவரில் முட்டை வைத்தன. இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறின. குஞ்சுகள் பொரிந்து நீந்தத் தொடங்கியதும் தாய் தந்தையின் உடலிலேயே முட்டி முட்டி, தோலில் சுரக்கும் கோழையைத் தின்றன. அதைப் பார்ப்பதற்கு மகள் பள்ளித் தோழிகள் ஏழு பேரை அழைத்து வந்தாள்.

அப்பா இல்லாத மூன்று வாரத்தில் தொட்டிக்கு உணவு போட்டவர் விழுப்புரத்து அம்மா என்பது கரிமீன் வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் கூடத்தைக் கடந்தால் மீன்கள் கண்ணாடிக்கு ஓடிவந்தன. கரிமீன் முதன்மையாகப் பாசியும் இலையும் தின்னும் மீன் என்று நாங்கள் படித்துச் சொன்னதும், அரைக்கீரையை வெந்நீரில் ஒரு கொதி விட்டு நூலில் கட்டித் தொங்கவிட ஆரம்பித்தார். அது வலப்பக்கத்தில். இடப்பக்கத்தில் அப்பா கொசுப்புழு போடுவார். "சம்பந்தியம்மா, கீரை மிஞ்சினா அழுகும், தண்ணி கெடும்" என்பார். "அதுங்க மிச்சம் வக்கிறதில்லண்ணே" என்பார் அம்மா. பேச்சு அவ்வளவே. ஆனால் அது அவர்கள் நாள் முழுதும் பேசாததைவிட அதிகம்.

ஒருநாள் கரிமீன்களில் ஒன்றின் வால்துடுப்பில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை தென்பட்டது. அடுத்த நாள், ஓரளவு வளர்ந்திருந்த சின்ன இனத்தின் இளசுகள் நான்கைந்து அந்த வாலைக் கொத்திக்கொண்டிருந்தன. தாக்குகின்றன என்று நினைத்து வலையை எடுத்தோம். அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். கரிமீன் ஓடவில்லை. தலை சற்றே சாய்த்து, துடுப்பை விரித்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நான்கு நாளில் வெள்ளை காணாமல் போயிற்று. ரிச்சர்ட் வைமன், ஜாக் வார்ட் என்ற இருவர் 1972இல் இந்த இரண்டு இனங்களுக்கிடையே இருக்கும் துப்புரவு உறவைத்தான் விவரித்து எழுதியிருக்கிறார்கள். சின்னது பெரியதன் உடலைச் சுத்தம் செய்கிறது. பெரியது அதற்கென்று நின்று கொடுக்கிறது. அதே சின்னது, வாய்ப்புக் கிடைத்தால் பெரியதன் முட்டையையும் தின்றுவிடும். அதனால் பெரியது முட்டை வைத்திருக்கும்போது அதை அண்டவிடாது. இரண்டும் ஒருங்கே உண்மை. நட்பு என்றோ பகை என்றோ ஒரு சொல்லில் அடைக்க எங்களுக்குத் தெரியவில்லை.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வாசற்படியில் கடைசிப் படி மட்டும் மிச்சம். மின்சாரம் போனது. தொட்டியின் மோட்டார் நின்றது. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று வைத்திருந்தோம். அதுவும் சில மணி நேரத்தில் ஓய்ந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கரிமீன்கள் பெரிதாக வளர்ந்துவிட்டிருந்தன. அந்த அளவு உடலுக்கு அந்தத் தண்ணீரில் காற்று போதாது.

எங்களில் ஒருவர் மேல்மாடிக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். மற்றவர் மகளோடு இருந்தார். கீழே வந்து பார்த்தபோது மெழுகுவத்தி வெளிச்சத்தில் விழுப்புரத்து அம்மா ஸ்டூலின்மேல் நின்றுகொண்டு, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழுந்து கலங்கும்போது காற்று கரையும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை, திண்டிவனத்து அப்பா பக்கத்தில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கை ஓய்ந்ததும் அவர் ஏறினார், அம்மா பிடித்தார். விடியும்வரை நாங்களும் முறை வாங்கினோம். ஆனால் பெரும்பங்கு அவர்களுடையது. நடுவில் ஒருமுறை அம்மா, முட்டி வலிக்கிறது என்று முனகினார். அப்பா துணி மடிப்பை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, சாய்வு நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். அவர் உட்கார்ந்தார்.

மறுநாள் மாலை மின்சாரம் வந்தது. நின்று போன வடிகட்டியை அப்படியே ஓடவிட்டால் உள்ளே செத்த நுண்ணுயிர்களின் நஞ்சு தொட்டிக்குள் இறங்கும் என்று பஞ்சைக் கழுவி மாட்டினோம். சின்ன இணையில் பெண் மீன் செத்து மணலில் கிடந்தது. கரிமீன் மூன்றும் பிழைத்தன. இரண்டு நாள் கழித்துக் கூடத்தில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற வழக்கு மீண்டும் தொடங்கிவிட்டது.

கரிமீன்களை அதற்கு மேல் அந்தத் தொட்டியில் வைத்திருப்பது கொடுமை. அவை ஒரு சாண் தாண்டி வளரும் மீன்கள். இரண்டையும் சேர்த்து வளர்க்க விரும்புகிறவர்கள் நாங்கள் செய்த பிழையைச் செய்யாமல், முதலிலேயே இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். நான்கடித் தொட்டி அவற்றின் குழந்தைப் பருவத்துக்கு மட்டுமே போதும். 2025 தை மாதத்தில் திண்டிவனத்து வீட்டுக் கொல்லையில் இருக்கும் பழைய சிமெண்டுத் தொட்டியைக் கழுவி நிரப்பி, அதே பிளாஸ்டிக் குடத்தில் மூன்றையும் கொண்டு போய் விட்டோம். வளர்ந்த சின்ன மீன்களில் பத்தையும் கூடவே அனுப்பினோம்.

அப்பா இப்போது செவ்வாயும் சனியும் திண்டிவனம் போய் வருகிறார். முந்தின இரவே விழுப்புரத்து அம்மா கீரையை ஆய்ந்து, ஈரத்துணியில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டி வைக்கிறார். அவரிடம் நேரே கொடுப்பதில்லை. சென்ற சனிக்கிழமை அப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளிருந்து எங்களைப் பார்த்துச் சொல்வதுபோலச் சற்று உரக்கச் சொன்னார்:

"இந்த வாட்டி கீரை முத்தலு. ரெண்டு கொதி உடணும்னு சொல்லு."